மாமா, நீலம் போட்டுது

ஐப்பசி மாதம், முதல் மழை அடித்துக் கொட்டிய இரவு. கரவெட்டியில் எங்கள் வளவுக்குப் பின்பக்கம் வயல். அங்கே தவக்கைகள் போட்ட சத்தத்தில், ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுத்த மருமகன் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. நான் திருப்பிக் கத்தியதில் பாதி அவனுக்குக் கேட்டிருந்தால் பெரிய காரியம். "மாரித் தவக்கை மாதிரிக் கத்தாதை" என்று பிள்ளைகளைப் பேசுவது ஊர் வழக்கம். அன்றைக்கு அந்தப் பேச்சு எனக்கே பொருந்தியது.

"மாமா, நீலம் போட்டுது."

"என்ன நீலம் தம்பி?"

"என்ரை தவக்கை. வாங்கேக்கை வானம் மாதிரி நீலம். இப்ப பாருங்கோ, சாம்பலும் பச்சையுமாக் கிடக்கு. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான், மாமா."

கமராவைத் திருப்பிக் காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் தும்புத்தூள் பரப்பியிருந்தது. அதற்குள் அரைவாசி புதைந்தபடி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு சீவன். முகத்தில் பாதி வாய். கண்ணுக்கு மேல் இமை கூராக நீண்டு கொம்பு போல நின்றது. நிறம் அவன் சொன்னபடிதான்: ஊறிய சாம்பல், ஆங்காங்கே மங்கிய பச்சை. எட்டு மாதத்துக்கு முன் ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் வாங்கியபோது எடுத்த படத்தையும் அனுப்பினான். அதில் உண்மையாகவே நீலம்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துப் பென்சன் எடுத்தவன் நான். ஆனாலும் அந்த இரவு அவனுக்குச் சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். பிறகு தேடிப் படித்ததும், எங்கள் கிணற்றடியிலும் குளத்தடியிலும் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சீவனைப் பற்றி. கொம்புத் தவளைகள் தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. செரட்டோஃபிரிஸ் என்ற பேரினத்தில் எட்டு இனங்கள் உண்டு. ஆர்ஜென்டீனாவின் புல்வெளிகளில் வாழும் இனத்தை முதலில் விவரித்து எழுதியவர் தோமஸ் பெல். சார்ள்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் போய்த் திரட்டிய ஊர்வனவற்றையும் தவளைகளையும் பற்றிய நூலில், 1843இல் எழுதினார். அந்தக் கண்ணாடிப் பெட்டிச் செல்லப்பிராணிக்கு இப்படி ஒரு வம்சப் பெருமை இருப்பது மருமகனுக்குத் தெரியாது. கடைகளில் அதன் பெயர் பக்மன் தவளை. 1980இல் ஜப்பானில் வந்த, வாயைத் திறந்து திறந்து எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போகும் வட்ட முகத்து வீடியோ விளையாட்டின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான். இந்தத் தவளை இரை தேடி அலையாது. புதைந்து கிடந்து, முன்னால் அசைவது எதுவென்றாலும் பாய்ந்து கவ்வும். 2014இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில், ஒரு கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் பூச்சியைக் காட்டி, தவளையின் நாக்கு அந்தக் கண்ணாடியில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்று அளந்தார்கள். ஒட்டும் விசை தவளையின் உடல் எடையையே மிஞ்சியது. நாக்காலேயே தன்னைத் தூக்கிவிடக்கூடிய சீவன். மருமகன் விரலைக் கிட்டக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

இனி நிறம். கடையில் இவற்றை விற்பது நிறத்தை வைத்துத்தான். பச்சை, செம்மஞ்சள், வெளிறிய மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் பழத்தின் பெயரோ வீரனின் பெயரோ வைத்து, அதற்கேற்ற விலையும் வைப்பார்கள். எல்லாம் குஞ்சுகள். குஞ்சில்தான் நிறம் அடித்துக் காட்டும். வளர வளரப் பெரும்பாலானவை மங்கும், கலங்கும், சிலவற்றில் பச்சை தவிட்டு நிறமாகும். பல நீலங்கள் பச்சைக்கோ சாம்பலுக்கோ போய்விடும். கடைக்காரன் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவன் விற்றது நீலக் குஞ்சு, அது நீலக் குஞ்சாகத்தான் இருந்தது. ஆனால் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் மருமகன் காசு கொடுத்தான்.

ஏன் மாறுகிறது?

நான் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில், அலுமாரியின் மேல்தட்டில் ஒரு போத்தல் இருந்தது. அற்ககோலுக்குள் ஒரு தவளை. எங்கள் குளங்களில் தாமரை இலைக்குப் பக்கத்தில் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு மிதக்குமே, பச்சைத் தவளை, அதுதான். ஆனால் போத்தலுக்குள் இருந்தது பச்சையில்லை. நீலம் தட்டிய சாம்பல். "செத்ததும் நிறம் போயிட்டுது" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அது அரைவாசிதான் சரி. அற்ககோல் தவளையின் தோலில் இருந்து மஞ்சளை மட்டும் கரைத்தெடுத்துவிட்டது. மஞ்சள் போக, அடியில் இருந்த நீலம் வெளியில் தெரிந்தது. ஒரு பச்சைத் தவளைக்குள் எப்போதும் ஒரு நீலத் தவளை ஒளிந்திருக்கிறது என்பதை அந்தப் போத்தல் எங்கள் கண்முன்னே வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குப் படிப்பித்தவரும் சொல்லவில்லை. பிறகு நான் படிப்பித்த காலத்திலும் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன் என்று யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தவளையின் தோலில் பச்சை நிறப்பொருள் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மூன்று தட்டு வீடு மாதிரி மூன்று வகை நிறக்கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேல்தட்டில் மஞ்சள் கலங்கள். நடுத்தட்டில் இருப்பவற்றுக்குச் சொந்த நிறம் இல்லை. குவானீன் என்ற பொருளின் நுண்ணிய பளிங்குத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கின்றன. நெல்லியடிச் சந்தையில் வாங்கும் சூடை மீனின் செதில் வெள்ளி மாதிரி மினுங்குவதும் இதே குவானீனால்தான். மீனில் அது வெள்ளியாகத் தெரிகிறது. தவளையில் தகடுகளின் அளவும் அடுக்கும் வேறு, அதனால் ஒளியில் இருக்கும் நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. கீழ்த்தட்டில் கரிய கலங்கள். மெலனின் நிறைந்த இவை கைகளை மேல்நோக்கி நீட்டி, நடுத்தட்டைச் சுற்றிப் பிடித்தபடி நிற்கின்றன. தப்பிக் கீழே இறங்கும் ஒளியையெல்லாம் விழுங்கிவிடும். நடுத்தட்டில் இருந்து திரும்பும் நீலம் மேலே உள்ள மஞ்சளுக்குள்ளால் வெளியே வரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. 1968இல் யோசப் பக்னாராவும் அவருடன் வேலை செய்தவர்களும் நுண்ணோக்கியில் இதைப் பார்த்து, மூன்று வகைக் கலங்களும் சேர்ந்து ஒரே அலகாக வேலை செய்கின்றன என்று எழுதினார்கள்.

இந்த மூன்று தட்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையின் நிறப்பட்டியல் முழுக்க விளங்கும். கீழ்த்தட்டில் மெலனின் இல்லாமல் பிறந்தால் வெளிறிய மஞ்சளும் செம்மஞ்சளும், கண் சிவப்பு. மேல்தட்டில் மஞ்சள் இல்லையென்றால், அல்லது மிகக் குறைவென்றால், நீலம். போத்தலுக்குள் அற்ககோல் செய்த வேலையை இங்கே பிறப்பே செய்திருக்கிறது.

நீலம் போவதற்கு மூன்று தட்டுமே அழியத் தேவையில்லை. வளரும்போது மேல்தட்டில் கொஞ்சம் மஞ்சள் சேர்ந்தால் நீலம் பச்சைப் பக்கம் சாயும். தோல் தடித்து, கரிய கலங்களின் கைகள் நடுத்தட்டை மூடத் தொடங்கினால் சாம்பல் ஏறும். பளிங்குத் தகடுகளின் அளவும் இடைவெளியும் சற்று மாறினாலும் திரும்பும் ஒளி வேறாகும். மருமகனின் தவளையில் இதில் எது எவ்வளவு என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் சாம்பலும் பச்சையும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்தால் மேலும் கீழும் இரண்டு தட்டிலும் வேலை நடந்திருக்கிறது போலத்தான் தெரிகிறது.

அடுத்த தரம் கதைத்தபோது, "என்ன சாப்பாடு குடுக்கிறாய்?" என்று கேட்டேன். சில்லூறு மாதிரிப் பூச்சிகள், கடையில் பெட்டியில் விற்பார்கள் என்றான். அந்தப் பூச்சிகள் என்ன தின்கின்றன என்று கேட்டேன். சிரித்தான். கேள்வி பகிடியில்லை. மேல்தட்டு மஞ்சளில் ஒரு பகுதியைத் தவளை தானே உருவாக்கும். இன்னொரு பகுதி கரோட்டீன் வகை. அதை எந்தத் தவளையும் உடம்பில் உருவாக்க முடியாது, சாப்பாட்டால்தான் வரவேண்டும். செடியில் இருந்து பூச்சிக்கு, பூச்சியில் இருந்து தவளைக்கு. வீட்டுக் கோழி புல்லும் கீரையும் கொத்தித் திரிந்தால் முட்டையின் மஞ்சட்கரு சிவப்பாக வரும், கூட்டுக்குள் வெறும் தீனியில் கிடந்தால் வெளிறும் என்பது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதே கணக்குத்தான். மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளைகளைக் கரோட்டீன் சேர்த்த பூச்சியிலும் சேர்க்காத பூச்சியிலும் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. சேர்த்துச் சாப்பிட்டவற்றின் தோல் நிறம் வேறாக இருந்தது. பெட்டிப் பூச்சிக்குக் கரட் துண்டும் கீரையும் போட்டுவிட்டுப் பிறகு தவளைக்குக் கொடு என்று மருமகனுக்குச் சொன்னேன். "அப்ப நீலம் திரும்பி வருமோ?" என்று கேட்டான். வராது. மஞ்சள் கூடினால் இன்னும் பச்சையாகத்தான் வரும். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

வயதோடு நிறம் மாறுவது தவளைக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் கடல்நீரேரிகளில் வந்திறங்கும் பூநாரைகளைக் கவனித்துப் பாருங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும். வேறு இனம் என்று சிலர் நினைப்பதுண்டு. அவை குஞ்சுகள். இளஞ்சிவப்பு ஏற அவற்றுக்கு இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அந்தச் சிவப்பும் சாப்பாட்டில் இருந்து, அதே கரோட்டீன் குடும்பத்தில் இருந்து வருவதுதான். பூநாரை சாம்பலில் தொடங்கி வண்ணத்துக்குப் போகிறது, மருமகனின் தவளை வண்ணத்தில் தொடங்கிச் சாம்பலுக்கு வந்தது. கொலம்பியாவில் ஒரு நச்சுத் தவளை இருக்கிறது. குஞ்சில் கறுப்பு உடம்பில் பொன்வரிகள், வளர்ந்தால் உடம்பு முழுக்கப் பொன். கறுப்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் நாணல் தவளை ஒன்று இன்னும் சுவாரசியம். குஞ்சில் ஆணும் பெண்ணும் ஒரே நிறம். பருவத்துக்கு வரும்போது பெண் வேறு நிறம் பூணும். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டைரோன் ஹேய்ஸ் 1990களில் குஞ்சுகளுக்கு ஈஸ்திரஜன் என்ற பெண்மை ஓமோனைக் கொடுத்துப் பார்த்தார். ஆண் குஞ்சுகளும் பெண்ணின் நிறத்துக்கு மாறின. அப்படியென்றால் நிறத்துக்கான ஆயத்தம் இரண்டு பாலிலும் முன்பே இருந்திருக்கிறது. ஓமோன் வந்து கட்டளை கொடுக்கும்வரை பொறுத்திருந்திருக்கிறது.

ஓமோனுக்கும் தவளைத் தோலுக்கும் உள்ள உறவு மனித மருத்துவத்துக்கே ஒரு பெரிய கொடை கொடுத்தது. 1917இல் மக்கோர்ட், அலன் என்ற இரு அமெரிக்கர்கள் மாட்டின் மூளையில் உள்ள கூம்புச் சுரப்பியை அரைத்து வாற்பேத்தைகளுக்குக் கொடுத்தார்கள். கறுத்த வாற்பேத்தைகள் அரை மணித்தியாலத்துக்குள் கண்ணாடி மாதிரி வெளிறின. கரிய கலங்களுக்குள் பரவியிருந்த மெலனின் மணிகள் நடுவில் ஒடுங்கிக்கொண்டதால் வந்த வெளிறல். அந்தச் சரக்கு என்ன என்று கண்டுபிடிக்க நாற்பது வருடம் எடுத்தது. யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் அரன் லேர்னர், வெண்படை நோய்க்கு மருந்து கிடைக்குமா என்ற எண்ணத்தில், ஆயிரக்கணக்கான மாடுகளின் கூம்புச் சுரப்பியைச் சேர்த்து வடித்து, ஒவ்வொரு வடிப்பையும் தவளைத் தோல் துண்டில் வைத்து வெளிறுகிறதா என்று பார்த்துப் பார்த்து, 1958இல் அதைப் பிரித்தெடுத்தார். மெலனினை ஒடுக்குவதால் மெலட்டோனின் என்று பெயர் வைத்தார். இரவில் நித்திரை வர உடம்பு சுரக்கிற அதே மெலட்டோனின். ரொறன்ரோவில் மருந்துக்கடையில் மாத்திரையாக விற்கிறார்களே, அது. வெண்படைக்கு அது உதவவில்லை.

இப்படி மணிகள் ஒடுங்குவதையும் பரவுவதையும் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. எங்கள் வீட்டுக் குளியலறையின் வெள்ளைச் சுவரில் பகல் முழுக்க ஒட்டிக்கொண்டு ஒரு மரத்தவளை இருக்கும். வெளிறிய பால்நிறம். பொழுதுபட்டதும் கிணற்றடித் தொட்டிக்குப் போகும்போது பார்த்தால் அதே ஆள் தவிட்டு நிறம், தொடையின் பின்பக்கம் மஞ்சள் பொட்டு. இதை ஆங்கிலத்தில் சுனம் தவளை என்கிறார்கள். எங்கள் சுண்ணாம்பைத்தான் வெள்ளைக்காரர் சுனம் என்றார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்பாகவே இருக்கும் தவளைக்குப் பொருத்தமான பெயர். வாளியிலோ கிணற்றுக் கட்டிலோ வெள்ளை நுரைக் கட்டி கண்டால் கழுவிவிடாதீர்கள், அது இதன் முட்டைக்கூடு.

சுவர்த் தவளையின் மாற்றமும் மருமகனின் தவளையின் மாற்றமும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். முன்னது அதே கலங்களுக்குள் மணிகளின் நகர்வு, போய்த் திரும்பும். பின்னது கலங்களே கூடிக் குறைந்து, தோலே வேறாகக் கட்டப்படும் வேலை. அது திரும்பாது.

ஏன் இப்படிக் கட்டவேண்டும்? குஞ்சையும் பெரியதையும் தின்ன வருபவை வேறு வேறு, இரண்டும் ஒளிந்திருக்கும் இடமும் வேறு. எங்கள் குளத்துப் பச்சைத் தவளையின் குஞ்சு பூச்சி தின்னும். வளர்ந்த பின் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு இலைதழை. தவளை மரக்கறி சாப்பிடும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் தென்னிந்தியாவில் இந்திரனீல் தாஸ் இவற்றின் வயிற்றை ஆராய்ந்து 1996இல் எழுதினார். சாப்பாடும் இருப்பிடமும் பகையும் மாறுகிற உடம்பில் நிறம் மட்டும் ஏன் அப்படியே இருக்கவேண்டும்?

இதையெல்லாம் ஒரே இனத்தில் பார்க்கவேண்டுமென்றால் வேறெங்கும் போகவேண்டாம், தேரை போதும். தேங்காய் உள்ளீடு வற்றினால் "தேரை மோந்தது" என்று பழி போடுவோமே, அதே தேரை. கார்த்திகை, மார்கழியில் மழைநீர் தேங்கிய பள்ளத்தில் கன்னங்கரிய வாற்பேத்தைகள் மொய்க்கும். வால் போய்க் கரையேறும் குஞ்சு மிளகு அளவு, அதுவும் கறுப்பு. வளர்ந்தால் மண்ணிறம், உடம்பெல்லாம் மரு, மருவின் நுனியில் கறுப்பு. எங்கள் படிக்கட்டில் விளக்கடியில் பூச்சிக்குக் காத்திருப்பது இந்த உருவம்.

ஆனால் வருடத்தில் ஓரிரு இரவு, பெருமழைக்குப் பின், ஆண் தேரைகள் எல்லாம் தண்ணீரில் கூடும்போது அவை எலுமிச்சம்பழ மஞ்சளாகும். பெண் மண்ணிறமாகவே இருக்கும். 2022இல் வியன்னாவில் இருந்து வந்த ஆய்வொன்றில், ஆண் தேரைகளுக்கு அட்ரினலின் வகை ஓமோன்களைக் கொடுத்தபோது பத்து நிமிடத்துக்குள் மஞ்சளாகின. எதற்கு இந்தக் கூத்து? மஞ்சள், மண்ணிறம் என இரண்டு நிறத்தில் போலித் தேரைகள் செய்து குளத்தில் வைத்துப் பார்த்தபோது, ஆண்கள் மண்ணிறப் போலியைத்தான் கட்டிப்பிடிக்கப் போயின. மஞ்சளை அநேகமாக விட்டுவிட்டன. ஆளை ஆள் மிதிக்கும் நெரிசலில் "நான் ஆண், என்னை விடு" என்று தூரத்திலேயே சொல்ல அந்த மஞ்சள்.

மருமகனுக்கு இரண்டு சொன்னேன். இனி வாங்குவதென்றால் குஞ்சைப் பார்த்து வாங்காதே, அதன் தாய் தகப்பனின் படத்தைக் காட்டச் சொல். மற்றது, நிறம் போனது என்று இதைக் கொண்டுபோய் எங்கேயும் விட்டுவிடாதே. பெட்டியில் ஒழுங்காக வைத்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கக்கூடிய சீவன் அது. "விடமாட்டன் மாமா, பழகிட்டுது" என்றான்.

உங்களுக்கும் ஒன்று. இந்த மாரியில் முதல் பெருமழை விட்ட அன்றிரவே ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டடிக் குளத்தடிக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாம்பு பார்த்து நடங்கள். நாளைக்குப் பார்ப்போம், சனிக்கிழமை பார்ப்போம் என்று வைக்கவேண்டாம். இரண்டு நாளில் அந்த மஞ்சள் இருக்காது.